முக்காலியின் மூட்டு

ஒகேனக்கல்லுக்குப் போய்வந்த கேமரா முக்காலியைப் பைக்குள் போடக் கூடாது. கால்களை முழுதாக நீட்டி, ஒரு ராத்திரி திண்ணையில் நிறுத்திவைக்க வேண்டும். இதை இங்கே படம் எடுக்கும் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். எல்லாரும் செய்வது ஒன்றுதான். கரையேறியதும் ஈரக் காலை அப்படியே உள்ளே தள்ளி, பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவார்கள். தண்ணீர் குழாய்க்குள் போகிறது. கூடவே காவிரி மணலும் போகிறது. மறுவாரம் கால் வெளியே வர மறுக்கும்.

அந்த ஊரின் பெயரே ஓர் எச்சரிக்கை. கன்னடத்தில் ஹொகே என்றால் புகை. கல் நம் கல்தான். பாறையில் மோதும் தண்ணீர் புகையாகக் கிளம்பி எல்லாவற்றின் மேலும் படியும். லென்ஸைத் துடைக்கிறோம், கேமராவுக்குப் பாலிதீன் பை சுற்றுகிறோம். முக்காலியை மட்டும் ஏதோ இரும்புக் கட்டில் போல நினைத்துக்கொள்கிறோம்.

போன ஆடிப் பெருக்கு முடிந்த வாரம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். கல்யாண வீடியோ எடுப்பவன். அவனுடைய முக்காலியில் ஒரு கால் திறக்கவே இல்லை. இன்னொரு கால் திறந்தது, ஆனால் நிற்கவில்லை. கேமராவை ஏற்றினால் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. அந்த மூட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி வைத்திருந்தான். கேமராவுக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். அந்த டேப்பை நம்பித்தான் அதை ஆற்று நடுவே நிறுத்தியிருக்கிறான்.

"சார், இதைப் பழைய இரும்புக் கடையிலதான் போடணும் போல."

"திறந்து பார்த்தியாப்பா?"

"இதெல்லாம் திறக்க முடியுமா சார்?"

திறக்க முடியும். பலருக்குத் தெரியாததே இதுதான். கால் இறுகிப்போனபோது அவன் தையல் மிஷின் எண்ணெய் விட்டிருக்கிறான். ஒரு நாள் சுகமாக ஓடியிருக்கிறது. பிறகுதான் வழுக்கத் தொடங்கியிருக்கிறது.

கதவுக் கீலுக்கும் சைக்கிள் செயினுக்கும் எண்ணெய் விட்டுப் பழகிய கை நம்முடையது. அங்கெல்லாம் மூட்டின் வேலை அசைவது. முக்காலியில் மூட்டின் வேலை அசையாமல் பிடிப்பது. திருகு வளையம் உள்ள காலில், வளையத்தைச் சுற்றும்போது அது மரையில் ஏறி, உள்ளே இருக்கும் கூம்பு வடிவப் பிளாஸ்டிக் வளையத்தை நெருக்கும். அது கீழ்க் குழாயைக் கவ்விக்கொள்ளும். கவ்வுவது வெறும் உராய்வினால். அந்த இடத்தில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அதற்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கும் மரைக்குக் கொஞ்சம் வழவழப்பு வேண்டும். இல்லாவிட்டால் மணல் அதை அரைத்துவிடும். ஒரே மூட்டில் ஓரிடம் வழுக்க வேண்டும், பக்கத்து இடம் வழுக்கவே கூடாது.

பிரிக்கும் முறை சுலபம். ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் பிரிக்க வேண்டும். மாட்டும்போது சந்தேகம் வந்தால் பிரிக்காத கால் பக்கத்தில் மாதிரியாக இருக்கும். வளையத்தை முழுதாகக் கழற்றிக் கீழ்க் குழாயை மெதுவாக உருவினால், அதன் மேல்நுனியிலிருந்து இரண்டு அரைவட்டப் பிளாஸ்டிக் சில்லுகள் தனியே விழும். பெரும்பாலும் இவைதான் கட்டிலுக்கடியில் ஓடித் தொலைவது. கீழே ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். சில்லின் உட்புறத்தில் சிறு குமிழ் இருக்கும், அது குழாயின் துளையில் உட்காரும். வெளிப்புறத்தில் வரம்பு இருந்தால் அது மேல் குழாயின் பள்ளத்தோடு நேராக வர வேண்டும். நேராக வராவிட்டால் போகாது. அடித்து ஏற்றக் கூடாது. கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் அடுக்கி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

அந்தத் தம்பியின் காலில் எண்ணெயும் மணலும் சேர்ந்து கறுப்புக் களியாக இருந்தது. சட்டி துலக்கும் சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷும் போதும். பிளாஸ்டிக்கின் மேல் மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டாம். கடைசி அலசலுக்குப் போர் தண்ணீரும் வேண்டாம். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் காய்ந்தால் பக்கெட்டில் வெள்ளையாகப் படிவது எல்லாருக்கும் தெரியும். தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரின் ஃபுளோரைடுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. எங்கள் வீட்டுக் குழாயில் வரும் அந்தத் தண்ணீரிலேயே அலசினோம். மணலைக் கொடுத்ததும் காவிரி, கழுவிவிட்டதும் காவிரி.

நன்றாகக் காய்ந்த பிறகு மரைக்கு மட்டும் கிரீஸ். மூன்று மூட்டுக்கும் சேர்த்து ஒரு பச்சரிசி அளவு எடுத்து, விரலால் தடவி, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். குழாயும் கூம்பு வளையமும் உலர்ந்தே இருக்கட்டும். மூன்றாவது காலை அவனே பிரித்து அவனே மாட்டினான். பிறகு முக்காலியின் தலையில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்திப் பார்த்தோம். இறங்கவில்லை. டேப்பை உரித்து எறிந்தான்.

நெம்புகோல் பூட்டு உள்ள காலுக்கு இவ்வளவு பாடு இல்லை. அது தளர்ந்தால் பக்கத்தில் இருக்கும் போல்ட்டை எல்-கீயால் கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதிகம் இறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு முக்காலி என்றால் முதலில் நாக்கில் வருவது ட்ரெப்பியே என்ற சொல். மூன்று பாதம் என்றுதான் அதற்கும் அர்த்தம். உச்சியில் கேமராவைத் தாங்கும் பந்துத் தலைக்கு அவர்கள் சொல்வது ரொத்யூல். முழங்கால் சில்லுக்கும் அதே சொல்தான். என் வயதில் இரண்டு ரொத்யூலும் கிரீச்சிடுகின்றன. ஒன்றைத்தான் பிரித்துத் துடைக்க முடிகிறது. திருகு வளையக் காலுக்குப் பேர்போன கிட்ஸோ பிரான்சில் பிறந்ததுதான். ஆர்சேன் கிட்ஸோவன் 1917இல் தொடங்கியபோது செய்தது கேமரா சார்ந்த பொருட்கள். முக்காலி 1950களில் வந்தது. 1994இல் கார்பன் இழைக் கால் வந்தது. இப்போது தயாரிப்பு இத்தாலியில். பழைய கிட்ஸோவில் குழாயும் சேர்ந்து சுற்றும். அதனால் மேல் வளையத்தை முதலில் இறுக்கிய பிறகே கீழ் வளையத்துக்கு வர வேண்டும். கார்பன் துருப்பிடிக்காதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குழாய்தான் கார்பன், மூட்டில் உலோகம் இருக்கிறது. கடற்கரைக்குக் கொண்டுபோனால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

ஆற்றில் இறங்கும்போது ஒரு தந்திரம். தரையில் தடித்த மேல் குழாயை முதலில் நீட்டுவோம், அதுதான் உறுதி. தண்ணீரில் அடியிலுள்ள மெல்லிய குழாயை முதலில் முழுதாக நீட்ட வேண்டும். அப்போது நனைவது குழாய், மூட்டு தண்ணீருக்கு மேலே நிற்கும். கொஞ்சம் ஆடும்தான். கேமரா பையை நடுத்தண்டின் கொக்கியில் தொங்கவிட்டால் ஆட்டம் குறையும்.

நடுகல் படம் எடுக்கப் போகும் நண்பர்களுக்கு வேறு கதை. தருமபுரி அருங்காட்சியகத்தில் இருப்பவை போக, இன்னும் வயலிலும் வரப்பிலும் நிற்கும் கற்கள் உண்டு. தேய்ந்த எழுத்து தெரிய வேண்டுமானால் காலை வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். கேமராவைத் தரையோடு தரையாக வைக்க வேண்டும், காலை அகல விரித்து மண்ணில் ஊன்ற வேண்டும். அங்கே ஏறுவது ஈரமில்லை, செம்மண் தூள். அதற்குத் தண்ணீர் காட்டக் கூடாது, சேறாகிவிடும். காலை மடக்குவதற்கு முன்னால் உலர்ந்த பெயின்ட் பிரஷால் ஒவ்வொரு குழாயையும் மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டால் போதும். அந்தப் பிரஷை முக்காலிப் பையிலேயே ஒரு நூலில் கட்டி வைத்திருக்கிறேன்.