ஓலைக் கூரையின் கீழ் ஓர் இரவு

சித்திரை வெயில் புதுக்கோட்டைச் சீமையில் ஈவிரக்கம் அறியாதது. செம்மண்ணும் பாறையும் பகலெல்லாம் வெப்பத்தை உண்டு, இரவெல்லாம் அதனை உமிழும். அத்தகைய ஒரு சித்திரையில், 1910ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசு அருங்காட்சியகத்தைக் காணவேண்டுமென்ற நெடுநாள் அவாவினால் திருக்கோகர்ணம் சென்றிருந்தோம். சிற்பங்களையும் பழங்காசுகளையும் கண்டு மகிழ்ந்தபின், அண்மையிலுள்ள கோகர்ணேசுவரர் குடைவரைக் கோயிலையும் பார்க்கச் சென்றோம். வெளியே பாதம் பொறுக்கமுடியாத சூடு. பாறையைக் குடைந்தமைத்த பகுதியை நெருங்கியதுமே உடல் குளிர்ந்தது. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் உளிகொண்டு வேலை செய்தவர்கள் மின்விசிறியைக் கண்டவர்களல்லர். பருத்த கல்லினுள் வெயில் எளிதில் புகாது என்பதை மட்டும் அவர்கள் அறிந்திருந்தனர்.

அன்றிரவு நாம் தங்கிய விடுதி அறையிலோ குளிர்சாதனம் இருந்தது. நள்ளிரவில் மின்சாரம் நின்றது. சன்னல்கள் திறக்க இயலாதவாறு கண்ணாடியால் அடைக்கப்பட்டிருந்தன. அரைமணி நேரத்தில் அறை அடுப்பாயிற்று. தலையணையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினோம். அங்கே நமக்கு முன்னரே நால்வர் படுத்திருந்தனர்!

மறுநாள் அறந்தாங்கி வழியாக மணமேல்குடிக் கடற்கரையை அடைந்தோம். நமக்கு அறிமுகமான மீனவக் குடும்பம் ஒன்று அங்கு வாழ்கின்றது. அவர்களுக்குக் காங்கிரீட் கூரையிட்ட தொகுப்பு வீடு உண்டு. ஆயினும் அதன் பக்கத்தில் சவுக்குக் கழிகளை நட்டு, தென்னங்கீற்று வேய்ந்த கொட்டகை ஒன்றும் இருந்தது. தட்டுமுட்டுப் பொருள்களும் அடுப்பும் வீட்டினுள். மனிதர்கள் உறங்குவதோ கொட்டகையில். நமக்கும் அங்கேயே பாய் விரித்தார்கள்.

காங்கிரீட் தளம் பகல் முழுவதும் வெப்பத்தைச் சேமித்து, நாம் உறங்கச் செல்லும் வேளையில் அதைத் தலைமேல் இறக்குகின்றது. கீற்றுக் கூரையோ எதையும் சேமிப்பதில்லை. அடுக்கடுக்கான ஓலைகளுக்கிடையே தங்கும் காற்று வெயிலைத் தடுக்கின்றது. உள்ளே எழும் சூடான காற்று ஓலை இடுக்குகளின் வழியே மேலே வெளியேறிவிடுகின்றது. தாழ்ந்த இறவாணம் சாய்வெயிலையும் உள்ளே விடாது. பகலில் தரை கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் கடற்காற்று கரைநோக்கி வருகின்றது. இரவில் தரை விரைந்து குளிர, காற்று திரும்பிச் செல்கின்றது. கொண்டல், கச்சான், வாடை, சோழகம் எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அறிந்த மக்கள், வாசலை எத்திசையில் வைப்பதென்று எவரிடமும் கேட்கவேண்டியதில்லை.

கொசு கடித்தது, பாயில் மணல் உறுத்தியது, கருவாட்டு மணமும் விடவில்லை. எனினும் நன்கு உறங்கினோம். விடியலில் அந்த இன்பத்தில், “இதற்கு ஈடாக எந்த மாளிகை உண்டு?” என்று வீட்டுப் பெரியவரிடம் வியந்துரைத்தோம்.

அவர் சிரித்தார். “ஒரு ராத்திரி தங்குறீங்க சாமி, நல்லாத்தான் இருக்கும். கஜா அன்னைக்கு இருந்திருந்தா தெரியும்” என்றார்.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் அப்புயல் கரைகடந்தபோது, கொட்டகையின் கூரை முழுவதும் பறந்துபோயிற்றாம். பிள்ளைகளும் பெண்களும் அண்டைவீட்டாருமாக அந்தச் சிறு காங்கிரீட் அறைக்குள் நெருங்கி நின்று உயிர் தப்பினார்களாம். தென்னைகள் வீழ்ந்தமையால் பின்னர்க் கீற்றுக்கும் தட்டுப்பாடு வந்ததாம். “கல்லு வீடு உசுருக்கு சாமி, கொட்டகை தூக்கத்துக்கு. ரெண்டும் வேணும்” என்று அவர் முடித்தபோது நாம் நாணினோம். பேருந்து ஏறி வந்தவர் குடிசையைப் புகழ்வது எளிது. ஆண்டுக்காண்டு பணம் தேடி அதை வேய்பவருக்கன்றோ அதன் பாரம் தெரியும்!

இன்று இதே குடிசையை நாடிச் செல்வந்தர்கள் கடற்கரை தோறும் செல்கின்றனர். கோவாவில் மூங்கிலாலும் ஓலையாலும் பருவந்தோறும் கட்டி, மழைக்குமுன் பிரித்துவிடும் குடில்கள் பல. இலங்கையின் கீழ்க்கரையில், பொத்துவிலுக்கு அருகிலுள்ள அறுகம் குடாவில், ‘கபானா’ எனும் குடில்களில் வெளிநாட்டார் தங்குகின்றனர். நாம் கீற்று என்பதை அங்குள்ள தமிழர் கிடுகு என்பர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அக்கரையையும் தாக்கியது. குளிர்ச்சி தரும் கூரையோடு, பேரிடரில் ஓடி ஒதுங்க உறுதியான ஓர் இடமும் வேண்டுமென்ற பெரியவரின் சொல் அங்கும் பொருந்தும்.

குளிர்சாதனம் தொடக்கத்தில் மனிதனுக்காகச் செய்யப்பட்டதன்று என்பதை வாசகர் அறிவரோ? 1902இல் அமெரிக்காவின் புரூக்ளின் நகரில் ஓர் அச்சகத்துக் காகிதம் ஈரத்தால் கெடாதிருக்க, வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் அதனை வகுத்தார். இன்றோ குளிர்சாதனமும் மின்விசிறியுமாகச் சேர்ந்து உலக மின்சாரத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கை உண்கின்றன. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டின் ‘லவ்தாத்தோ சி’ சுற்றுமடலில், பெருகிவரும் நுகர்வுக்கு எடுத்துக்காட்டாகக் குளிர்சாதனத்தைக் குறிப்பிட்டது தற்செயலன்று. அது நம் அறையின் வெப்பத்தை அழிப்பதில்லை. அண்டைவீட்டாரின் சன்னலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுகின்றது.

அங்ஙனமாயின் எல்லாரும் குடிசைக்குத் திரும்புவதோ? அன்று. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் நடுவழி காட்டினார். திருவனந்தபுரம் லயோலா பள்ளிச் சிற்றாலயத்தில் செங்கற்களுக்கிடையே துளைகள் விட்டுச் சுவரெழுப்பி, காற்றும் ஒளியும் தாமே உள்ளே வரச் செய்தார். சுவர் உறுதியானது, செலவோ குறைவு.

நம் குடும்பங்களும் இயன்றதைச் செய்யலாம். எதிரெதிரே இரு சன்னல்கள். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. மேற்கே ஒரு வேம்பு. முதியோருக்கும் நோயாளருக்கும் குளிர்சாதனம் தேவையெனில் 24 பாகையில் நிறுத்துதல் போதும். அனைத்திற்கும் மேலாக, ஏழையின் குடிசை அழகென்று புகழுமுன், அவனுக்குப் புயல் தாங்கும் சுவர் இருக்கின்றதா என்று கேட்போம்.

விடைபெறும்போது பெரியவர் வாசல்வரை வந்தார். “அடுத்த தடவை ஐப்பசி மழையில வாங்க சாமி” என்றார். வருவதாக ஒப்புக்கொண்டோம்.