பண்டாராயா மீனும் தங்க மீனும்

ஜொகூர் பாருவிலிருந்து பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் வண்டியை விட்டால், மாசாயைத் தாண்டும்போதே கொள்கலன் லாரிகள் கூடிவிடும். அப்புறம் செம்பனை எண்ணெய்க் கலன்கள், புகைபோக்கிகள், துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். 'பாசிர்' என்றால் மணல், 'கூடாங்' என்றால் கிடங்கு. அந்த மலாய்ச் சொல்லே நம் 'கிடங்கு' என்ற சொல்லிலிருந்து போனதுதான் என்பார்கள். 1977-இல் ஜொகூர் துறைமுகம் இயங்கத் தொடங்கிய பிறகு, ஊர் பெயருக்கு ஏற்றபடியே வளர்ந்துவிட்டது. பட்டத் திருவிழாவுக்கு வருகிறவர்களை விட்டால், சுற்றிப் பார்க்க என்று வருகிறவர்கள் குறைவு. நான் போவது உறவினர் வீடுகளுக்கு. பெரும்பாலும் ஹாலில் ஒரு மீன் தொட்டி இருக்கும்.

தொட்டிக்குள் இருப்பதும் அநேகமாக ஒரே ஜோடிதான். மேலே இரண்டு மூன்று தங்க மீன்கள், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கறுப்பாக ஒரு கெளுத்தி. இந்தக் கெளுத்திக்கு மலாயில் 'ஈக்கான் பண்டாராயா' என்று பெயர். பாசியைச் சுரண்டித் தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கிறதாம், மாநகராட்சி ஊழியர் மாதிரி! பாசிர் கூடாங்குக்கு 'பண்டாராயா' என்ற மாநகர் தகுதி கிடைத்தது 2020 நவம்பர் 22-இல்தான். மீனுக்கு அந்தப் பட்டம் அதற்கு வெகுகாலம் முன்பே கிடைத்துவிட்டது.

சென்ற மாதம் அக்கா வீட்டில் இருந்தபோது அவளுடைய எட்டு வயது மகன் கேட்டான்: "மாமா, காலையில ஏன் கோல்டு பிஷ் மட்டும் மேல வந்து வாயைத் திறக்குது? அதுக்குப் பசிக்குதா?"

அக்கா, "ஆமாம்டா, பசி" என்று தீவனம் தூவப் போனாள். நான் தடுத்துவிட்டு, கடையில் வாங்கிவந்த வெப்பமானியைத் தண்ணீரில் விட்டேன். 30 டிகிரி செல்சியஸ் காட்டியது. அது பசி இல்லை, மூச்சுமுட்டல்.

தங்க மீன் பிறப்பால் குளிர்நீர்ப் பிராணி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனர்கள் கெண்டை இனத்திலிருந்து பிரித்து வளர்த்தது. அதற்கு 18 முதல் 24 டிகிரி வரை சுகம். பண்டாராயா மீனின் பூர்வீகம் தென் அமெரிக்க வெப்ப ஆறுகள். அதற்கு 24 முதல் 28 வரை வேண்டும். இரண்டும் சந்திப்பது 24 டிகிரியில் மட்டும்தான். கேமரன் மலையில் அது சிரமமே இல்லை. இங்கே பகலில் வெளியே 31, 32 டிகிரி. ஹாலில் இருக்கும் தண்ணீர் 28-க்குக் கீழே இறங்குவதே அபூர்வம்.

28 டிகிரியில் தங்க மீன் உடனே செத்துவிடாது. நம் ஊரிலேயே வளர்ந்த குஞ்சுகள் ஓரளவு பழகியிருக்கும். ஆனால் சூடு ஏற ஏற மீனின் உடல் வேகமாக இயங்கி, கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். தண்ணீரோ குறைவாகத்தான் கொடுக்கும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரைதான். கழிவில் பிறக்கும் அம்மோனியாவின் நச்சும் சூட்டில் கூடும். கெளுத்திக்கு ஒரு வசதி: மேலே வந்து காற்றை விழுங்கி இரைப்பையாலும் சுவாசிக்கும். அதனால்தான் அது தெம்பாக இருக்க, தங்க மீன் மட்டும் தவிக்கிறது.

ஊர்க் கடையில் சீனப் பெரியவர் ஒருவரிடம் விசாரித்தேன். குளிர்விக்கும் இயந்திரம் இருக்கிறது, விலை தொட்டியைவிட அதிகம் என்று சிரித்தார். அவர் சொன்ன மலிவு வழிகள் இவை: தொட்டியைச் சாயங்கால வெயில் படாத சுவரோரம் வையுங்கள். மூடியைத் திறந்து, மேல்பரப்பில் படும்படி சிறு மின்விசிறி வையுங்கள், இரண்டு டிகிரி குறையும். நம் ஈரக்காற்றில் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். காற்றுக்குழாய் இரவிலும் ஓடட்டும். ஐஸ் கட்டியைப் போடாதீர்கள், திடீர் ஏற்ற இறக்கம் சூட்டைவிட மோசம். மதியம் தண்ணீர் மாற்றாதீர்கள். கூரைத் தாங்கியிலிருந்து வரும் நீர் அந்நேரம் கொதிக்கும். குளோரின் நீக்கிய நீரை, தொட்டியின் சூட்டுக்கு இணையாக, காலையிலோ இரவிலோ ஊற்றுங்கள்.

இரண்டையும் சேர்த்துத்தான் வளர்க்க வேண்டுமென்றால், குளிர்ச்சியைத் தாங்கும் புள்ளிக் கோரிடோராஸ் கெளுத்தி நல்ல துணை. அதற்கும் தண்ணீர் 22, 23 டிகிரியில் இருக்க வேண்டும். தங்க மீனின் வாய்க்குள் நுழையாத அளவுக்கு அது பெரிதாகவும் இருக்க வேண்டும். அதன் துடுப்பு முள் தொண்டையில் மாட்டினால் இரண்டும் பிழைக்காது. பண்டாராயா மீனோ பசித்தால் தங்க மீனின் உடல் வழுவழுப்பையே சுரண்டும். மேலும் அது விரலளவோடு நிற்பதில்லை. ஒரு முழத்துக்கு வளர்ந்துவிடும்.

வளர்ந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். 'பாவம், பிழைத்துப்போகட்டும்' என்று ஆற்றில் விடுகிறவர்கள் உண்டு. அப்படி விட்ட மீன்கள் பெருகி, கிள்ளான், லங்காட் ஆறுகளில் நம் சொந்த மீன்களின் இடத்தைப் பிடித்துவிட்டன.

தண்ணீரில் எதையாவது கொட்டிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று பாசிர் கூடாங்குக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம்மில் ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி சிகிச்சைக்கு ஓடினார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அக்கா இன்றும் ஜன்னலைத் திறக்கும்முன் ஒருமுறை மோந்து பார்க்கிறாள்.

அந்த ஆற்றைக் காப்பது தனி ஒரு குடும்பத்தின் கையில் இல்லை. ஹாலில் இருக்கும் நாலு வாளித் தண்ணீர் நம் கையில் இருக்கிறது. அக்கா பண்டாராயா மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தாள். பெரும்பாலான கடைகள் வாங்கிக்கொள்ளும், கேட்டுப் பாருங்கள். கண்ணாடிப் பாசியை இப்போது பையன் சனிக்கிழமைதோறும் பஞ்சால் துடைக்கிறான். வெப்பமானி 27 காட்டுகிறது. விடிகாலையில் மீன்கள் தொட்டியின் நடுவில் நீந்துகின்றன.