ஹால்ட் பஸ்ஸில் வளரும் நாவல்

நாகர்கோவில் என்ற ஒரே ஊர் நாவல் எழுத்தின் இரண்டு வேகங்களைப் பார்த்திருக்கிறது. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-ல் வந்தது. அடுத்த நாவல் 1981-ல், மூன்றாவது 1998-ல். அவர் எழுதிய நாவல்கள் அவ்வளவுதான். அதே ஊரில் வாழும் ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் தேதி 'வெண்முரசு' தொடங்கி, நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளியிட்டு, 2020 ஜூலையில் 26 நாவல்களோடு முடித்தார். இருவரில் யார் அதிகம் உழைத்தவர் என்ற கேள்வியில் எனக்கு ஆர்வமில்லை. பாதியில் கிடக்கும் நாவலை எழுதுகிறவர் மறுநாள் எப்படிக் கையில் எடுக்கிறார், வேலை நகர்கிறது என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. புத்தகம் வந்த பிறகு கேட்டால் எல்லோரும் அழகாகச் சொல்லிவிடுவார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும் என்றுதான் கோவில்பட்டிப் பக்கம் போனேன்.

அந்த வட்டாரத்துக்குப் போகக் காரணம் சொல்லத் தேவையில்லை. கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் அங்கேதான் இருக்கிறது. கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய பூமணி, ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் 'அஞ்ஞாடி'யைத் தந்ததும் அந்தக் கரிசலிலிருந்துதான். 2014-ல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சம்பளத்துக்கு ஒரு வேலை, மிச்ச நேரத்தில் நாவல் என்பது அங்கே பழகிப்போன வாழ்க்கை.

நான் சந்தித்தவர் பஸ் கண்டக்டர். ஐம்பதைத் தாண்டியவர். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன, நாவல் இதுதான் முதல். வாரத்தில் சில நாள் அவருக்கு நைட் ஹால்ட். கடைசி நடையாகக் கிராமத்துக்குப் போகிற பஸ் அங்கேயே தங்கி, விடியற்காலை முதல் நடையாகத் திரும்பும். டிரைவரும் கண்டக்டரும் வண்டியிலேயே படுத்துக்கொள்வார்கள். அவருடைய எழுதும் அறை அந்த பஸ்தான்.

ஓர் இரவு அவரோடு போனேன். கடைசி ஆள் இறங்கியதும் கலெக்‌ஷனை எண்ணி, டிக்கெட் மிஷினில் கணக்கை முடித்து, பணப்பையைத் தலைமாட்டில் வைத்தார். டிரைவர் மூன்று பேர் சீட்டில் துண்டை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். "அண்ணே, வெளிச்சத்தக் கொஞ்சம் அங்கிட்டுத் திருப்புங்க" என்று அவர் சொன்னதும், இவர் சார்ஜ் லைட்டை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு நீளமான கணக்கு நோட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார்.

உடனே எழுதவில்லை. முந்தின முறை எழுதிய மூன்று பக்கங்களை உதடு அசையப் படித்தார். இரண்டு இடத்தில் அடித்தார், ஒரு பெயரை மாற்றினார். அதற்கே அரை மணி போய்விட்டது. புதிதாக எழுதத் தொடங்கிய பிறகு பேனா நிற்கவே இல்லை. நிறுத்தும்போது ஒன்றரைப் பக்கம் வந்திருந்தது.

அந்த நோட்டின் ஓரத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளுக்கும் தேதி, ஹால்ட் போட்ட ஊரின் முதலெழுத்து, எழுதிய பக்கம். எழுதாத நாளிலும் வெற்றிடம் இல்லை. 'படித்தது மட்டும்' என்றோ, 'யோசனை' என்றோ இருந்தது. ஓரிடத்தில் சிவப்பு மையில் கழித்தல் குறி போட்டு 62 என்று எழுதியிருந்தார்.

நாவல் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போன ஒரு பெண்ணின் கதை. கம்பெனி வண்டி விடியுமுன்னே ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலம். முதலில் அதைக் கம்பெனிக் கணக்குப்பிள்ளை சொல்வதாக எழுதியிருக்கிறார். 62 பக்கம் போன பிறகுதான் கதை எங்கே மூச்சுவிடவில்லை என்று அவருக்குப் பிடிபட்டிருக்கிறது.

"கணக்குப்பிள்ளைக்கு எத்தனை கட்டை அடுக்குனா, கூலி எவ்வளவுன்னு தெரியும் தம்பி. வண்டிக்குள்ள தூக்கக் கலக்கத்துல அந்தப் புள்ளைக என்ன பேசிக்கிட்டுதுகன்னு அவருக்கு எப்படித் தெரியும்? கூட உக்காந்து போன அக்காக்காரியில்ல அதச் சொல்லணும்."

அந்தப் பக்கங்களைச் சணலால் கட்டி வீட்டுப் பரணில் போட்டுவிட்டார். அதே தேதியில், சிவப்புக் குறிக்குக் கீழே, நீல மையில் 'ஒரு பக்கம்' என்று இருக்கிறது. அக்காவின் குரலில் எழுதிய முதல் பக்கம் அது. நாவல் உண்மையில் தொடங்கிய இரவு அதுதான் என்பது என் எண்ணம். வெறும் பக்கக் கணக்கில் பார்த்தால் அவருக்கு ஆக மோசமான நாளும் அதுவே.

ஜான் ஸ்டைன்பெக் 1938-ல் 'கிரேப்ஸ் ஆஃப் ராத்' எழுதிய மாதங்களில் தினமும் ஒரு டைரியும் எழுதினார். அவர் இறந்த பிறகு அது அச்சில் வந்தது. வீட்டுக்கு விருந்தாளி வந்தது, பக்கத்து வீட்டுச் சத்தம், தன்னால் இதை எழுத முடியாது என்ற பயம், அன்று எழுத வேண்டிய பகுதி எல்லாம் அதில் கலந்து கிடக்கும். அவ்வளவு பயந்துகொண்டே ஐந்தே மாதத்தில் அந்தப் பெரிய நாவலை முடித்தார். நம் கண்டக்டர் அந்த டைரியைப் படித்ததில்லை. ஆனால் அவருடைய நோட்டின் ஓரமும் அதே வேலையைத்தான் செய்கிறது. மனம் சோர்ந்த நாளிலும் கை நாவலைத் தொட்டது என்பதற்கு அது சாட்சி.

சாத்தூரில் நாவல் எழுதும் ஓர் அக்காவையும் பார்த்தேன். அவர் முறை வேறு. கணவரோடு மளிகைக்கடை நடத்துகிறார். மத்தியானம் இரண்டிலிருந்து நாலுவரை கடையில் கூட்டம் இருக்காது, அப்போது செல்போனில் எழுதுகிறார். பேசினால் எழுத்தாக்கும் வசதியை முயன்றுபார்த்து விட்டுவிட்டாராம். கரிசல் பேச்சில் பாதிச் சொற்களை அது வேறு சொற்களாக மாற்றிவிடுகிறது. பெருவிரலால் தட்டுவதே நிம்மதி என்கிறார்.

மாதக் காலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் நாவலின் கணக்கு முழுவதையும் வைத்திருக்கிறார். எந்த வருஷம் யாருக்கு எத்தனை வயசு, எது மழை பெய்த வருஷம், எது பொய்த்த வருஷம், யார் வீட்டில் எப்போது விசேஷம் என்று கட்டம் போட்டிருக்கிறது. தன் அக்கா கல்யாணத்தில் ஒன்பது வயதாக இருந்த பையனுக்கு இரண்டே வருஷத்தில் பதினாலு வயதாகியிருந்தது அந்தக் கட்டத்தில்தான் அகப்பட்டது. கடையில் ஆள் வந்து எழுத்து நின்றுபோனால், அடுத்து வரவேண்டியதைத் தனக்கே வாய்ஸ் மெசேஜாக அனுப்பிக்கொள்கிறார். ஒன்றைப் போட்டுக் காட்டினார்: "நாளைக்கி மாரி கெணத்தடிக்கி வரணும். அழக்கூடாது. வாளியத்தான் பாக்கணும்." இப்படி ஒரு குறிப்பு இருந்தால் மறுநாள் வெற்றுத் திரையைப் பார்த்துத் திகைத்து உட்கார வேண்டியதில்லை.

ஒரே மாதத்தில் ஐம்பதாயிரம் சொல் எழுதுவது என்ற இலக்கு 1999-ல் அமெரிக்காவில் தொடங்கியது. இங்கும் இளைஞர்கள் சிலர் அதைப் பின்பற்றுகிறார்கள். எழுத உட்காரவே தயங்குகிறவரை உட்கார வைக்க அது உதவும். ஆனால் அக்காவுக்குச் சொல் கணக்கால் எந்தப் பயனும் இல்லை. அவருக்குத் தட்டுப்பாடு நேரத்தில்தான், அதுவும் யாரும் கூப்பிடாத நேரத்தில்.

பணத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். முந்நூறு ரூபாய் விலையில் ஐந்நூறு பிரதி விற்று, பத்து சதவீத ராயல்டி ஒழுங்காக வந்தால் பதினைந்தாயிரம் ரூபாய். வருஷக் கணக்கான இரவுகளுக்கும் மத்தியானங்களுக்கும் அவ்வளவுதான். விருது பெற்ற எழுத்தாளர்களுக்கு அரசு 'கனவு இல்லம்' தருவதை மனதார வரவேற்கிறேன். முடிந்த புத்தகத்துக்குக் கிடைக்கும் மரியாதை அது. முடியாத புத்தகத்துக்கு வேண்டியது மிகச் சிறியது: கிளை நூலகத்தில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, பூட்டி வைக்க ஓர் அலமாரித் தட்டு. சாத்தூர் அக்காவைப் போன்ற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை அந்தக் கடைக்குள் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்தால் புரியும். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே உளுந்துக்கும் ஷாம்பு பாக்கெட்டுக்கும் ஆள் வந்து, மாரி பலமுறை கிணற்றடிக்குப் போகாமல் நின்றுவிட்டாள்.

எப்போது முடியும் என்று இருவரிடமும் கேட்டேன். மகளின் பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்றார் அக்கா. கண்டக்டர் தேதியே வைத்திருக்கிறார். "பங்குனிக்குள்ள முதல் வரைவு முடிஞ்சிரும் தம்பி. அப்புறம் மொத்தத்தையும் வாய்விட்டுப் படிக்கணும். பஸ்ல முடியாது, டிரைவர் தூங்கணும்ல. பத்து நாள் லீவு எழுதிக் குடுத்திருக்கேன். கண்மாய்க்கரையில போய் உக்காந்துருவேன். எங்க மதினி ஒருத்தி அந்த வண்டியில போனவ. அவளையும் கூட்டிட்டுப் போயி, பொய்யா இருக்கிற எடத்தையெல்லாம் சொல்லச் சொல்லணும்."