எலும்புக்குப் பேசிய விலை

வட அயர்லாந்துக்காக 1999இல் ஒரு ஆணைக்குழு அமைத்தார்கள். ஐஆர்ஏ போன்ற ஆயுதக் குழுக்கள் கொன்று இரகசியமாகப் புதைத்தவர்களின் உடல்களைத் தேடுவது மட்டும்தான் அதன் வேலை. தகவல் கொடுத்தது யாரென்று வெளியே விடமாட்டார்கள். சொன்னதை வைத்து வழக்கும் போட முடியாது.

ஜீன் மக்கொன்வில், பத்துப் பிள்ளைகளின் தாய். 1972 டிசம்பரில் அவரை பெல்பாஸ்ட் வீட்டிலிருந்து இழுத்துப் போனார்கள். கொன்றதை ஐஆர்ஏ 1999இல் ஒப்புக்கொண்டு, புதைத்த இடமும் சொன்னது. தோண்டித் தோண்டிப் பார்த்தும் உடல் அகப்படவில்லை. கடைசியில், 2003இல் கடற்கரையில் நடக்கப் போனவர்கள் கண்ணில்தான் பட்டது.

வழக்கை விட்டு உடலைப் பெறும் இந்தப் பேரம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் காத்திருக்கும் ஒரு குடும்பத்திடம் போய் 'வழக்கா, உடலா?' என்று கேட்க நான் யார்?

இலங்கையில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த காணாமற்போனோர் அலுவலகமும் யாரையும் தண்டிக்காது. அதன் முடிவுகளால் குற்றப் பொறுப்பு எழாது என்று சட்டமே சொல்கிறது. சரி, தகவலாவது வந்ததா? கையில் பிள்ளைகளின் படத்தோடு 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரம் உட்கார்ந்த அம்மாக்கள், போர் முடிவில் இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்றுதான் கேட்டார்கள். கிடைத்தது இன்னொரு படிவம். அவர்களில் பலர் பதில் வராமலே இறந்தும் போனார்கள்.