இரண்டு லயங்கள்

கோலசிலாங்கூர் என்றதும் பிள்ளைகளுக்கு மின்மினி நினைவுக்கு வரும். பெரியவர்களுக்கு புக்கிட் மெலாவத்திக் குன்றும், தோளில் ஏறும் லோத்தோங் குரங்குகளும். அடுத்த முறை போகும்போது, இருட்டிப் படகு ஏறும்வரை காத்திருக்காமல் உள்பக்கம் பெஸ்தாரி ஜெயா வரை ஒரு சுற்றுப் போய் வாருங்கள். பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை.

வழி நெடுகச் செம்பனை. 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது இந்த வட்டாரத்தில்தான். அதன் பெயர் தென்னமரம் தோட்டம். இங்குள்ள தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. மண்ணை வெட்டியவர்கள் யார் என்பதற்குத் தோட்டத்தின் பெயரே சாட்சி.

அந்த மக்களின் பாட்டுக்குத்தான் சாட்சி குறைவு.

தோட்டத்தில் வரிசை வீட்டுக்கு லயம் என்று பெயர். இசையிலும் லயம் உண்டு. நம் தோட்டங்களில் இரண்டும் ஒன்றாகவே வாழ்ந்தன. விடியலில் பெரட்டு, மதியத்துக்குப் பின் ஓய்வு. எல்லாருக்கும் ஒரே நேரம். ஒத்திகைக்குத் திடல், அரங்கேற்றத்துக்கு மாரியம்மன் கோயில் திருவிழா. சிலர் கித்தாரும் ஆர்கனும் வைத்துச் சினிமாப் பாட்டு வாசித்தார்கள். சிலர் உறுமி எடுத்தார்கள்.

உறுமி மேளத்தைச் சத்தம் என்று ஒதுக்குபவர்கள் ஒரு நாள் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்தால் அடிவயிற்றிலிருந்து வரும் முனகல். மறு பக்கம் அடி. 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஃபங்க் இசையும் இதே வேலையைத்தான் செய்தது. ஜேம்ஸ் பிரவுன் மெட்டைப் பின்னுக்குத் தள்ளித் தாளத்தை முன்னே நிறுத்தினார். அங்கே பேஸ் கித்தார் செய்வதை இங்கே உறுமி செய்கிறது. ஒன்று மற்றொன்றைப் பார்த்து வரவில்லை. உழைத்துக் களைத்த உடம்பை ஆட வைக்க இரண்டு சமூகங்களும் கண்ட வழி அது.

சோல், ஃபங்க் பாணியை நேரடியாகவே எடுத்து வென்ற தமிழர்களும் நம்மிடம் உண்டு. பினாங்கில் 1960களின் இறுதியில் உருவான அலிகேட்ஸ் குழுவின் டேவிட், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள், பெரிய சுருட்டை முடியோடு ஹாங்காங் மேடைகள் வரை போனார்கள். மலாய்ப் பாடல்களால் நாடே அறிந்த குரல்கள் ஆனார்கள். லோகநாதன் 2007இல் காலமான பிறகும் அந்தப் பாடல்கள் ஒலிக்கின்றன. காரணம் திறமை மட்டுமல்ல. நகரத்தில் இரவு விடுதி இருந்தது, இசைத்தட்டு நிறுவனம் இருந்தது. பாட்டு, ஆளைத் தாண்டி நிற்க ஓர் இடம் கிடைத்தது.

தோட்டத்துக் குழுவுக்கு இருந்த ஒரே இடம் லயம். தோட்டம் கைமாறி, வீடமைப்புத் திட்டமாகவோ தொழிற்பேட்டையாகவோ மாறியபோது, மேளக்காரர் ஒரு தாமானுக்கும் பாடகர் இன்னொரு அடுக்குமாடிக்கும் போனார்கள். ஷிப்ட் வேலையில் ஒருவர் நேரம் மற்றவருக்கு ஒத்துவரவில்லை. சுவர் பக்கத்து வீட்டுக்காரர் உறுமியைத் தாங்க மாட்டார். சண்டை போடாமலே பல குழுக்கள் கலைந்தன. ஒலிநாடாகூட மிஞ்சவில்லை.

இரவு கம்போங் குவாந்தானில் படகில் அமரும்போது இதை நினைத்துப் பாருங்கள். பெரெம்பாங் மரத்தில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும். அவற்றின் புழுக்கள் வளர்வது ஆற்றோரத் தரையில், நத்தைகளைத் தின்று. கரையை வெட்டிவிட்டால் மரம் மட்டும் நின்று பயனில்லை. அடுத்த தலைமுறை வராது.

மின்மினிக்குச் சரணாலயம் கேட்கிறோம். நம் வீட்டு மாமா, தாத்தா யாராவது ஒரு காலத்தில் தோட்டத்தில் மேளம் அடித்திருந்தால், குழுவின் பெயர், ஆட்களின் பெயர், வாசித்த திருவிழா ஆகியவற்றைக் கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். வீட்டில் பழைய தகரப் பெட்டி இருந்தால், அதிலுள்ள படங்களின் பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள்.