நாளைய பியரும் மலையின் பெயரும்

சிற்றாலைகளில் காய்ச்சப்படும் கைவினைப் பியருக்கு இனி எத்தகைய மவுசு வரும் என்று சந்தை வல்லுநர்கள் ஆரூடம் கூறுகின்றனர். மலையகத்தவராகிய நாமும் ஓர் ஆரூடம் கூறுவோம்: நாளை விலைபோகவிருப்பது சுவை மட்டுமன்று; ஊர்ப்பெயருமாகும்.

இது நமக்குப் புதிதன்று. நுவரெலியாவின் குளிரையும் ஊற்றுநீரையும் நம்பியே சாமுவேல் பேக்கர் 1849இல் அங்கு பியர் காய்ச்சத் தொடங்கினார். 1881இல் அது பெருந்தொழிலாயிற்று. 1990களின் இறுதியில், கொழும்பை அடுத்த பியகமவுக்கு ஆலை மலையிறங்கிப் போயிற்று.

தேயிலையின் கதை இன்னும் தெளிவானது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பயிரிட்ட பின்னர், 'சிலோன் டீ' என்ற பெயர் உலகை வலம்வந்தது. கொழுந்து பறிப்பவளின் நாட்சம்பளம் 1000 ரூபாயை எட்டியதோ 2021இலேதான்!

நாளை தேயிலை மணக்கும் பியர் வரலாம். மூடுபனியும் கொழுந்துக் கூடையும் போத்தலில் படமாகலாம். அக்கூடையைச் சுமப்பவள் லயத்து அறையிலேயே இருப்பாள். அவள் வீட்டுக் கூலியோ தவறணையில் கரையும்.

மலையின் பெயருக்கு விலையுண்டெனில், அவ்விலையில் மலைமக்களுக்குப் பங்கு எங்கே? சந்தையின் எதிர்காலத்தைக் கணிப்போர் முதலில் இக்கணக்கைத் தீர்க்கட்டும்.