ரோஜா நிற மெழுகுவர்த்தி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைத் திருவருகைக் காலம் என்கிறோம். கோவில் பீடத்தின் பக்கத்தில் பசுந்தழை வளையம் வைத்து, வாரத்துக்கு ஒன்றாக நான்கு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். மூன்று ஊதா நிறம். மூன்றாம் ஞாயிறுக்கு உரியது மட்டும் ரோஜா நிறம். பல கோவில்களில் அன்று சாமியாரின் பூசை உடுப்பும் அதே நிறத்தில் இருக்கும். அந்த ஞாயிறுக்கு லத்தீனில் ‘கௌதேத்தே’ என்று பெயர். ‘மகிழுங்கள்’ என்று பொருள்.

2024-இல் அந்த ஞாயிறு டிசம்பர் 15 அன்று வந்தது. அந்த டிசம்பர் எப்படி இருந்தது என்று மரக்காணம் பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. மறுநாள் விடிந்தால் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. உப்பளப் பக்கம் போய்ப் பார்த்தால் எது பாத்தி, எது வரப்பு, எது பக்கிங்காம் கால்வாய் என்று தெரியாதபடி ஒரே வெள்ளக்காடு.

உப்பளத்துக்காரர்களுக்கு ஐப்பசி முதல் மார்கழி வரை எப்படியும் வேலை கிடையாது. மளிகைக் கடைக் கணக்கு ஏறும், காதில் கிடப்பது அடகுக் கடைக்குப் போகும். அந்த நேரம் பார்த்துப் புயலும் வந்து, வீட்டுக்குள் தண்ணீரும் புகுந்தால் என்ன செய்வது?

அந்த மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, உப்பு வாரும் வேலை செய்கிற ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: “ஏன் சார், சந்தோஷமா இருங்கன்னு வாசகத்துல படிக்கிறாங்களே, எங்க வூட்டுல அடுப்பே இன்னும் காயல. எதப் பாத்து சார் சந்தோஷப்படறது?” கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வாசற்படியில் நின்று இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியா அது? இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதிப் பார்க்கிறேன்.

அன்றைய இரண்டாம் வாசகம் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் 4-ஆம் அதிகாரம். மகிழுங்கள் என்று சொல்லும் அந்தக் கடிதத்தை அவர் சிறையிலிருந்து எழுதினார். உயிரோடு வெளியே வருவோமா என்பதே நிச்சயமில்லாத நிலை. வயிறு நிறைந்தவன் பசித்தவனிடம் போய் ‘சந்தோஷமாக இரு’ என்று சொன்னால் அது அவமதிப்பு. பவுலுக்கு அதைச் சொல்ல உரிமை இருந்தது, ஏனென்றால் அவர் விலங்கோடு உட்கார்ந்து சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. அதே அதிகாரத்தைத் தொடர்ந்து படித்தால், அது ஒரு நன்றிக் கடிதமும்தான் என்று தெரியும். பிலிப்பி ஊரார் தங்களால் முடிந்ததைச் சேர்த்து ஓர் ஆள் மூலம் சிறைக்கு அனுப்பியிருந்தார்கள். கொண்டுவந்தவர் நோயில் விழுந்து சாகக் கிடந்து பிழைத்தார். ஆக, பவுலின் மகிழ்ச்சி வானத்திலிருந்து தனியாக இறங்கியது அல்ல. யாரோ அவரை நினைத்து, மூட்டை கட்டி, நடந்து வந்து சேர்த்ததும் அதில் இருக்கிறது.

நம் காலத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். பெரிய வியாதி என்றால் நாம் வேலூருக்கு ஓடுகிறோம். அந்த ஆஸ்பத்திரிக்கு விதை விழுந்ததே நமக்கு அடுத்த திண்டிவனத்தில்தான். ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாக அங்கே இருந்தபோது, பெண் மருத்துவர் இல்லாத குறையால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். அதுதான் அவரை மருத்துவம் படிக்க வைத்தது.

அதே வேலூரில் பின்னாளில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். கொச்சிக்காரர். 1954 ஜனவரியில் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விட்டது. வயது முப்பதுகூட ஆகவில்லை. அவர் உடனே சிரித்துக்கொண்டு எழுந்துவிடவில்லை. முதலில் நொந்துதான் கிடந்தார். அப்போது டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று வழிகாட்டினார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தே அந்தக் கைகளைச் சரிசெய்யத் தொடங்கினார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் அவர் முயற்சியால் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கால்கள் கடைசிவரை திரும்பவில்லை. ஆனால் நடக்க முடியாமல் வந்தவர்கள் எத்தனையோ பேருக்கு, தன்னைப் போன்ற ஒருத்தியே மருத்துவராக எதிரில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதே பாதி மருந்து.

விசுவாசத்தில் மகிழ்ச்சி என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். இழந்தது இழந்ததுதான். அதை இல்லையென்று சொல்லக் கடவுள் கேட்கவில்லை. மிச்சமிருக்கும் கைகளை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதும், இன்னொருவர் கை நம்மிடம் நீளும்போதும், ‘நாம் தனியாக விடப்படவில்லை’ என்று உள்ளே ஒன்று தெரிகிறது. அதற்குத்தான் மகிழ்ச்சி என்று பெயர். கண்ணீரோடுகூட அது இருக்கலாம்.

அந்த அம்மாவும் என்னிடம் கேட்டுவிட்டுச் சும்மா நிற்கவில்லை. கோவில் பின்புறம் பொதுச் சமையல் நடந்துகொண்டிருந்தது. நேரே போய் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து வெங்காயம் நறுக்க ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து பெண்களின் சிரிப்புச் சத்தம். வெங்காயத்துக்கு அழுதபடியே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இதனால் நிவாரணமும் நியாயமான கூலியும் வேண்டாம் என்று ஆகிவிடாது. பவுலுக்கே பிலிப்பியர் அனுப்பியது தேவைப்பட்டது. நம்மில் ஓய்வூதியம் வாங்குபவர்கள் மழை மாதங்களில் உப்பளத்து வீடு ஒன்றின் மளிகைக் கணக்கைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால், அந்த ரோஜா நிற மெழுகுவர்த்தியை ஏற்றியதற்கு ஓர் அர்த்தம் இருக்கும்.